ரூ.6,000 கோடிக்கு வாங்கிய சாவி: ஆராய்ச்சிக் கட்டுரைகள் உங்களுக்கும் திறக்குமா?

ஒரு சின்ன சோதனை. அம்மாவுக்கு டாக்டர் புதிதாக எழுதிக்கொடுத்த சர்க்கரை மாத்திரையின் பெயரை கூகுள் ஸ்காலரில் தேடிப் பாருங்கள். பத்து கட்டுரைகளாவது வரும். தலைப்பு தெரியும், சுருக்கம் தெரியும். முழுக் கட்டுரையைப் படிக்கலாம் என்று சொடுக்கினால், பல இடங்களில் 30 அல்லது 40 டாலர் கேட்கும். ஒரு கட்டுரைக்கு மட்டும். படித்த பிறகுதான் அது உங்களுக்குத் தேவையில்லாத கட்டுரை என்று தெரியவரும்.

கல்லூரியில் படிக்கும்போது இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது. நூலக லாகின் இருக்கும், பிடிஎஃப் இறங்கிவிடும். முதுகலை முடித்து வெளியே வந்த சில வாரங்களில் என் லாகின் வேலை செய்யாமல் போனது. அதுவரை நான் படித்ததெல்லாம் இலவசம் இல்லை, யாரோ எனக்காகப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது அந்த 'யாரோ'வின் இடத்துக்கு இந்திய அரசே வந்திருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இது எதைத் திறக்கிறது, எதைத் திறக்கவில்லை, இதற்கும் 'திறந்த அறிவியல்' என்கிற சொல்லுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்போம்.

திட்டம் என்ன?

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு மொத்தம் ரூ.6,000 கோடி. எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உட்பட 30 பதிப்பு நிறுவனங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் இதற்குள் வருகின்றன. மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைக்கும். பயன்பெறுவோர் கிட்டத்தட்ட 1.8 கோடி பேர் என்கிறது அரசு. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தத் திட்டத்தை, பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் இயங்கும் இன்ஃப்லிப்நெட் மையம் ஒருங்கிணைக்கிறது.

முன்பு எப்படி இருந்தது? ஐஐடி போன்ற வசதியான நிறுவனங்கள் தனியாகச் சந்தா கட்டின. சில நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து வாங்கின. மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு அரசு கலைக் கல்லூரிக்கு இதெல்லாம் கனவு. அந்தக் கல்லூரிப் பேராசிரியருக்கும் ஐஐடி பேராசிரியருக்கும் இன்று ஒரே ஆய்விதழ் கிடைக்கிறது என்றால், அது சின்ன விஷயம் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சரி, கணக்கு போட்டுப் பார்ப்போம்

ரூ.6,000 கோடியை மூன்றால் வகுத்தால் ஆண்டுக்கு ரூ.2,000 கோடி. அதை 1.8 கோடி பேருக்குப் பிரித்தால் ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.1,111. ஒரு ஓடிடி சந்தா அளவுக்குத்தான் வருகிறது, பரவாயில்லையே என்று தோன்றும்.

அதே தொகையை 13,000 ஆய்விதழ்களுக்குப் பிரித்துப் பாருங்கள். ஒரு ஆய்விதழுக்கு ஆண்டுக்கு சராசரியாக ரூ.15 லட்சத்துக்கு மேல். ஒரு நிறுவனத்துக்கு என்று பார்த்தால் ஆண்டுக்கு சுமார் ரூ.32 லட்சம். இவையெல்லாம் ஒதுக்கப்பட்ட தொகையை வைத்துப் போட்ட எளிய சராசரிகள்தான். உண்மையில் ஒவ்வொரு பதிப்பாளருக்கும் ஒவ்வொரு விலை.

1.8 கோடி பேர் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது அனுமதி உள்ளவர்களின் எண்ணிக்கை, படிப்பவர்களின் எண்ணிக்கை இல்லை. இளங்கலை முதலாமாண்டு மாணவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார். அவர் ஒரு ஆய்விதழைக்கூடத் திறக்காவிட்டாலும் சராசரி குறைந்துதான் காட்டும். யார் எந்த ஆய்விதழை எவ்வளவு படிக்கிறார்கள் என்கிற விவரம் பொதுவெளிக்கு வந்தால்தான் கொடுத்த விலை சரியா என்று பேசமுடியும்.

யார் உள்ளே, யார் வெளியே?

அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2020-21 அறிக்கைப்படி, நாட்டின் கல்லூரிகளில் சுமார் 78% தனியார் நிர்வாகத்தில் இருப்பவை. அரசு உதவி பெறுபவையும் இதில் அடக்கம். அரசு நிர்வாகம் என்கிற வரையறைக்குள் இவை வருவதில்லை. ஆராய்ச்சியில் பெரும்பங்கு அரசு நிறுவனங்களில்தான் நடக்கிறது, அதனால் 78% ஆராய்ச்சி வெளியே இருப்பதாக அர்த்தம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் பொறியியல் படித்த நம்மில் பெரும்பாலோர் எந்த வகைக் கல்லூரியில் படித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பவருக்குக் கிடைப்பது, அதே பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்காக ஒரு தனியார் இணைப்புக் கல்லூரியில் படிப்பவருக்கு இந்தத் திட்டத்தில் கிடைக்காது.

கல்லூரிக்கு வெளியே இருப்பவர்கள்? தனியார் மருத்துவமனை டாக்டர், ஸ்டார்ட்அப் வைத்திருக்கும் பொறியாளர், ஊரில் நீர்நிலைகளைப் பற்றி வேலை செய்யும் தன்னார்வலர், வழக்கறிஞர், என் மாதிரி பத்திரிகையாளர்… இவர்கள் யாருக்கும் லாகின் கிடையாது. 'எனக்கு எதுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை?'ன்னு நீங்க கேட்கலாம். கோவிட் காலத்தில் எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகளைச் சரிபார்க்க நாம் எல்லோரும் எங்கே போனோம்? அப்போது பல பதிப்பாளர்கள் கோவிட் கட்டுரைகளைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டார்கள். சர்க்கரை நோய்க்கும் காசநோய்க்கும் அப்படி யாரும் திறந்துவிடவில்லை.

எழுதுபவருக்குக் காசில்லை, வாங்குபவருக்கு ஏன் இவ்வளவு விலை?

ஒரு இந்திய விஞ்ஞானிக்குச் சம்பளம் தருவது அரசு. ஆய்வகக் கருவி வாங்கித் தருவது அரசு. அவர் எழுதும் கட்டுரைக்கு ஆய்விதழ் அவருக்குப் பணம் தருவதில்லை. கட்டுரை சரியா என்று பார்க்கும் சக ஆய்வாளர்களுக்கும் பொதுவாகப் பணம் கிடையாது. கட்டுரை வந்ததும் அதன் காப்புரிமை பெரும்பாலும் பதிப்பாளர் கைக்குப் போகிறது. பிறகு அதே கட்டுரையைப் படிக்க, அதே அரசு சந்தா கட்டுகிறது.

நெல்லை விளைவித்துக் கொடுத்தவர், அரைத்துக் கொடுத்தவர் இரண்டு பேருக்கும் கூலி இல்லை. மூட்டை கட்டியவரிடம் அரிசியை முழு விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. மூட்டை கட்டுவதும் வேலைதான். தொகுப்பாசிரியர்கள், இணையதளம், பிழைதிருத்தம், காப்பகம் எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. ஆனால் எல்சேவியரின் தாய் நிறுவனமான ரெல்எக்ஸின் அறிவியல், தொழில்நுட்ப, மருத்துவப் பிரிவு 2023-இல் காட்டிய இயக்க லாப விகிதம் சுமார் 38%. செலவைக் காட்டி மட்டும் இந்த விலையை நியாயப்படுத்துவது கடினம்.

இந்த எரிச்சலில் பிறந்ததுதான் சை-ஹப். கசக்ஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011-இல் தொடங்கிய இந்தத் தளம், கோடிக்கணக்கான கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகக் கொடுத்தது. இந்தியாவில் முனைவர் பட்டம் வாங்கிய யாரையாவது தனியாகக் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். எல்சேவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூன்றும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்ட்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆக, ஒரே ஆண்டில் 1.8 கோடி பேருக்கு முன்வாசல் திறந்தது, மீதிப் பேருக்குப் பின்வாசல் மூடியது.

படிப்பவர் கொடுக்காவிட்டால் எழுதுபவர் கொடுக்க வேண்டுமா?

'திறந்த அணுகல்' ஆய்விதழ்கள் என்று ஒரு வகை உண்டு. அங்கே யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அவற்றில் பலவற்றில், கட்டுரையை வெளியிடும்போதே ஆசிரியரிடம் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள். டோல்கேட் போகவில்லை, சாலையின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு மாறியிருக்கிறது.

'நேச்சர்' இதழ் 2020-இல் ஒரு கட்டுரைக்கு அறிவித்த திறந்த அணுகல் கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பிலேயே ரூ.8 லட்சத்துக்கு மேல். இந்தியாவில் ஒரு இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாத உதவித்தொகை ரூ.37,000. அதாவது ஒரே ஒரு கட்டுரையின் கட்டணம், ஒரு ஆய்வாளரின் கிட்டத்தட்ட இரண்டு வருட உதவித்தொகை. எல்லா இதழும் இவ்வளவு கேட்பதில்லை. ஆனால் ஒன்றிரண்டு லட்சம் என்பது சர்வசாதாரணம். இதை உணர்ந்துதான், தேர்ந்தெடுத்த தரமான ஆய்விதழ்களில் வெளியிட ஆண்டுக்கு ரூ.150 கோடி உதவியையும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தோடு அரசு அறிவித்தது.

மற்ற நாடுகளில் இந்தப் பாதையிலேயே நம்பிக்கை குறைந்துவருகிறது. ஆய்வுகளுக்குப் பெரும் நிதி தரும் கேட்ஸ் அறக்கட்டளை, இந்த வெளியீட்டுக் கட்டணத்தைக் கட்டுவதை 2025-லிருந்து நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக, ஆய்விதழுக்குப் போகும் முன்பே கட்டுரையை 'ப்ரீபிரிண்ட்' ஆகப் பொதுவெளியில் போடச் சொல்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், தங்கள் நிதியில் எழுதப்பட்ட கட்டுரையின் ஏற்கப்பட்ட பிரதி, வெளியான அன்றே எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 2025 ஜூலை 1 முதல் விதித்திருக்கிறது.

எண்ணிக்கைப் பித்து

ஆய்விதழ்கள் இவ்வளவு அதிகாரத்தோடு இருப்பதற்குக் காரணம் பதிப்பாளர்கள் மட்டும் இல்லை. 'எத்தனை பேப்பர் போட்டிருக்கீங்க?' என்கிற கேள்விதான் வேலை, பதவி உயர்வு, கல்லூரியின் தரவரிசை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. என்ன கண்டுபிடித்தீர்கள் என்பது அதற்கு அப்புறம்.

எண்ணிக்கைதான் கரன்சி என்றால் கள்ளநோட்டும் வரும். காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடும் போலி ஆய்விதழ்கள் இங்கே ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தன. 2018 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே நேரத்தில் 4,305 ஆய்விதழ்களை நீக்கியது. அவை எல்லாம் அதுவரை 'அங்கீகரிக்கப்பட்டவை'. பிறகு 'கேர்' என்று புதுப் பட்டியல் வந்தது. அதையும் 2025-இல் கைவிட்டு, எது நல்ல ஆய்விதழ் என்று முடிவு செய்யும் பொறுப்பை கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டார்கள். இதற்கிடையில் 2022 நவம்பரில், முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் மானியக் குழு நீக்கியது. ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கேள்வி அப்படியே காத்திருக்கிறது.

இது இந்தியாவின் நோய் மட்டும் இல்லை. 2023-இல் உலகம் முழுக்க 10,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் 8,000-க்கும் அதிகமானவை, வைலி வாங்கிய ஹிந்தாவி என்கிற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. இந்தியாவின் தேசிய தரவரிசையான என்ஐஆர்எஃப், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்காக மதிப்பெண் குறைப்பதை 2025-இல்தான் முதன்முறையாகத் தொடங்கியது. தவறுக்குத் தண்டனை வந்திருக்கிறது, நல்லது. எண்ணிக்கைக்குக் கிடைக்கும் பரிசு இன்னும் போகவில்லை.

அப்போ திறந்த அறிவியல்னா என்ன?

கட்டுரையை இலவசமாகப் படிப்பது அதில் ஒரு பகுதிதான். மூலத் தரவு, கணினி நிரல், செய்முறை, தோற்றுப்போன சோதனை, மதிப்பாய்வுக் குறிப்புகள் எல்லாவற்றையும் அடுத்தவர் சரிபார்க்கும்படி வெளியில் வைப்பதுதான் திறந்த அறிவியல். இது ஏன் தேவை? 'நேச்சர்' 2016-இல் 1,576 ஆய்வாளர்களிடம் கேட்டபோது, அடுத்தவரின் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்துத் தோற்றிருக்கிறோம் என்று 70%-க்கும் அதிகமானோர் சொன்னார்கள். தங்கள் சொந்தச் சோதனையையே திரும்பச் செய்ய முடியாமல் போனவர்கள் பாதிக்கும் மேல்.

இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். இரண்டும் ஒரே கனவைப் பற்றியவை: சாதாரண அறை வெப்பநிலையில் மின்தடையே இல்லாத பொருள்.

முதல் கதை, 2020 அக்டோபர். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு, மிக அதிக அழுத்தத்தில் அப்படியொரு பொருளைக் கண்டதாக 'நேச்சர்' இதழில் எழுதியது. உலகத்தின் முதல்தர ஆய்விதழ், மதிப்பாய்வும் முடிந்தது. மற்ற விஞ்ஞானிகள் மூலத் தரவைக் கேட்டார்கள். இழுபறி நீண்டது. கடைசியில் 2022 செப்டம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்.

இரண்டாவது கதை, 2023 ஜூலை. தென்கொரியக் குழு ஒன்று 'எல்கே-99' என்ற பொருளைப் பற்றிய கட்டுரையை ஆர்க்கைவ் என்ற இலவச ப்ரீபிரிண்ட் தளத்தில் போட்டது. மதிப்பாய்வு எதுவும் இல்லை. ஆனால் செய்முறை முழுக்க வெளியில் இருந்தது. உலகெங்கும் ஆய்வகங்கள் அதைச் செய்து பார்க்க ஆரம்பித்தன. பத்தே நாளுக்குள், டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் குழு அந்தப் பொருளைச் செய்து பார்த்து, எதிர்பார்த்த பண்பு தெரியவில்லை என்று அதே தளத்தில் எழுதியது. ஆகஸ்ட் நடுவில், கலந்திருந்த ஒரு தாமிர சல்பைடு மாசுதான் எல்லோரையும் ஏமாற்றியது என்ற முடிவுக்குப் பெரும்பாலோர் வந்துவிட்டார்கள். மொத்தம் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இரண்டு முறையும் கண்டுபிடிப்பு நிலைக்கவில்லை. தவறைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட நேரம்தான் வேறு. மருந்து ஆராய்ச்சியிலோ பயிர் ஆராய்ச்சியிலோ இப்படி இரண்டு ஆண்டு வீணானால் அதற்கு விலை கொடுப்பது நோயாளியும் விவசாயியும்.

இது நமக்குப் புதுசு இல்லை

சி.வி.ராமனுக்கு 1930-இல் நோபல் வாங்கிக்கொடுத்த கண்டுபிடிப்பின் முக்கியக் கட்டுரை, 1928-இல் கல்கத்தாவிலிருந்து வந்த 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்' இதழில் வெளியானது. அதை உடனடியாக அச்சடித்து உலகெங்கும் உள்ள விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அந்தக் காலத்து ப்ரீபிரிண்ட் என்றே சொல்லலாம். 1934-இல் ராமன் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழ்களை இன்றும் அதன் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். படிப்பவருக்கும் கட்டணம் இல்லை, எழுதுபவருக்கும் கட்டணம் இல்லை.

இன்ஃப்லிப்நெட்டின் 'ஷோத்கங்கா' தளத்தில் 5 லட்சத்துக்கும் அதிகமான இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகள் திறந்தே கிடக்கின்றன. லாகின் வேண்டாம். 2014 டிசம்பரிலேயே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும், தங்கள் நிதியில் வந்த கட்டுரைகளின் பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தன. அதாவது வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. அந்த வழியில் கட்டாயப்படுத்தி நடக்கவைக்கவில்லை, அவ்வளவுதான். கட்டுரையைக் களஞ்சியத்தில் போடாதவருக்கு அடுத்த நிதி கிடைக்காது என்று ஒரு வரி சேர்த்திருந்தால், பத்து ஆண்டில் நிலைமையே வேறாக இருந்திருக்கும்.

2027-க்குள் என்ன கேட்க வேண்டும்?

ஒரே நாடு ஒரே சந்தா ஒரு வாடகைச் சாவி. மூன்று ஆண்டு வாடகை 2027 டிசம்பரோடு முடிகிறது. மறுபடி பேரம் பேச உட்காரும்போது, மாற்று ஏற்பாடு கையில் இல்லாதவருக்கு விலை ஏறத்தான் செய்யும். இன்றைய நிலையில் 1.8 கோடி பேர் பழகிவிட்ட ஒன்றை நிறுத்தும் துணிச்சல் எந்த அரசுக்கும் வராது. அது பதிப்பாளருக்கும் தெரியும்.

அதனால் மூன்று கேள்விகள். இந்திய விஞ்ஞானிகள் எழுதும் கட்டுரையாவது எல்லா இந்தியர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அடுத்த ஒப்பந்தத்தில் இருக்குமா? ஆண்டுக்கு ரூ.2,000 கோடியில் ஒரு சிறு பங்காவது, இரு பக்கமும் கட்டணமில்லாத இந்திய ஆய்விதழ்களுக்கும் களஞ்சியங்களுக்கும் போகுமா? பதவி உயர்வுக்கான விண்ணப்பத்தில் 'எத்தனை கட்டுரை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், 'தரவைப் பகிர்ந்தீர்களா' என்ற கட்டமும் வருமா?

அதுவரை நீங்கள் சட்டப்படியே செய்யக்கூடியவை உண்டு. கட்டணச் சுவரில் முட்டினால் அன்பேவால் என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டுப் பாருங்கள், அதே கட்டுரையின் இலவசப் பிரதி எங்காவது இருந்தால் காட்டும். மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரல், இயற்பியல், கணினி என்றால் ஆர்க்கைவ், இந்திய ஆய்வேடு என்றால் ஷோத்கங்கா. எதுவும் கிடைக்கவில்லையா? கட்டுரை எழுதியவருக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள். நான் பலமுறை போட்டிருக்கிறேன். பெரும்பாலோர் சந்தோஷமாக அனுப்பிவைக்கிறார்கள். படிக்க ஒரு ஆள் கிடைத்தாரே என்ற மகிழ்ச்சி அவர்களுக்கு.

அடுத்த முறை வீட்டில் சொத்து வரி ரசீதைப் பார்க்கும்போது, அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-இன் மதராஸ் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது அது. அந்த வரியைக் கட்டியவர் மட்டும்தான் நூலகத்துக்குள் வரலாம் என்று யாரும் வாசலில் நின்று தடுப்பதில்லை. வாடகை வீட்டில் இருப்பவரும் வரலாம், பேப்பர் படிக்க வரும் தாத்தாவும் வரலாம், டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவரும் வரலாம். ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் அதே விதியைக் கேட்பது பேராசை இல்லை.